இடப்புறத்தைக் கவனிக்காத மூளைக்குத் தூண்டல் சிகிச்சை: முறையாக மேற்கொள்ளும் வழி

மூளையின் வலது பாதியில் பக்கவாதமோ விபத்துக் காயமோ ஏற்பட்டவர்களில் பலர், இடப்புறம் என்று ஒன்று இருப்பதையே கணக்கில் கொள்ளாமல் நடந்துகொள்வார்கள். தட்டின் வலப்பாதியில் இருப்பதை மட்டும் உண்பது, முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மழிப்பது, சக்கர நாற்காலியை இடப்பக்க நிலைக்கதவில் மோதுவது ஆகியவை இதன் அடையாளங்கள். இது பார்வைக் குறைபாடு அன்று, கவனத்தின் குறைபாடு. பார்வைப் புலத்தில் பாதியை மட்டும் இழந்தவர் பெரும்பாலும் அதை உணர்ந்து தலையைத் திருப்பி ஈடுசெய்வார். கவனம் இழந்தவருக்கோ திரும்ப வேண்டும் என்ற எண்ணமே எழுவதில்லை. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருக்கவும் கூடும் என்பதால், தலைக்கு வெளியிலிருந்து காந்தப்புலத்தாலோ மெல்லிய மின்னோட்டத்தாலோ மூளையின் இயக்கத்தை மாற்றும் தூண்டல் சிகிச்சையைப் பற்றிப் பேசுவதற்கு முன் நரம்பியல் மருத்துவர் இவற்றைப் பிரித்தறிந்திருக்க வேண்டும்.

முதலில் செய்ய வேண்டியது அளவீடு. கோட்டின் நடுவைக் குறிக்கச் சொல்வது, தாள் முழுவதும் சிதறிக் கிடக்கும் குறிகளை அடிக்கச் சொல்வது, கடிகார முகப்பை வரையச் சொல்வது போன்ற எளிய சோதனைகள் வழக்கத்தில் உள்ளன. ஆயினும் தாளில் நன்றாகச் செய்பவர் உடை உடுத்தும்போது இடக்கையை மறந்துவிடலாம். எனவே அன்றாடச் செயல்களைப் பார்த்து மதிப்பிடும் கேத்தரின் பெர்ஜெகோ அளவுகோலையும் சேர்த்துக்கொள்வது நல்லது. அதில் 10 செயல்களுக்கு 0 முதல் 3 வரை மதிப்பெண் இடப்படுகிறது. கூட்டுத்தொகை உயர உயரக் குறைபாடு கடுமையானது என்று பொருள். தொடக்க மதிப்பெண் கையில் இல்லாவிட்டால், பின்னர் தெரியும் முன்னேற்றம் சிகிச்சையால் வந்ததா, வெறும் எதிர்பார்ப்பால் தோன்றுவதா என்று சொல்ல வழியிராது.

தூண்டலின் அடிப்படைக் கருத்து, நரம்பியலாளர் மார்செல் கின்ஸ்போர்ன் முன்வைத்த போட்டிக் கொள்கையிலிருந்து வருகிறது. மூளையின் இரு பாதிகளும் கவனத்தைத் தத்தம் எதிர்ப்பக்கத்துக்கு இழுத்துக்கொண்டும் ஒன்றையொன்று அடக்கிக்கொண்டும் இருப்பதால், வலப்பாதி பழுதுபட்டால் தராசின் ஒரு தட்டில் எடை குறைந்ததுபோல இடப்பாதியின் இழுப்பு மிகுந்து, கவனம் வலப்புறமாகவே சாய்ந்துவிடுகிறது. ஆகவே மிகையாக இயங்கும் இடது பரைட்டல் பகுதியை (கவனத்தில் பங்குகொள்ளும், மூளையின் மேற்பின் பகுதி) அடக்கலாம், அல்லது எஞ்சியிருக்கும் வலது பரைட்டல் பகுதியை ஊக்கலாம். இந்தக் கொள்கை எல்லா நோயாளிகளுக்கும் ஒரே அளவில் பொருந்தும் என்று கொள்வது தவறு. காயத்தின் பரப்பைப் படம் எடுத்துப் பார்த்த பிறகே இலக்கைத் தீர்மானிக்க வேண்டும்.

தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளால் காந்தத் துடிப்புகளைத் தரும் காந்தத் தூண்டலில், விநாடிக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான வேகத்தில் இடது பரைட்டல் பகுதியை அடக்குவது வழக்கம். மும்மூன்று துடிப்புகளாகத் தொகுத்து, மொத்தம் 600 துடிப்புகளை ஏறத்தாழ 40 விநாடிகளில் தொடர்ச்சியாகத் தரும் முறையும் உண்டு. நீண்ட நேரம் அமர இயலாதவருக்கு இதுவே ஏற்றது. நேர்மின்னோட்டத் தூண்டலில், உப்புநீரில் நனைத்த பஞ்சுறையிட்ட மின்முனைகள் வழியாக 1 முதல் 2 மில்லிஆம்பியர் மின்னோட்டம் சுமார் 20 நிமிடம் செலுத்தப்படும். ஊக்கும் நேர்முனையை வலது பரைட்டல் பகுதியின் மேலும், அடக்கும் எதிர்முனையை இடது பரைட்டல் பகுதியின் மேலும் வைக்கலாம். முனைகள் இடம் மாறினால் நோக்கமே தலைகீழாகிவிடும் என்பதால், ஒவ்வொரு அமர்விலும் சரிபார்ப்பது கட்டாயம்.

தொடங்குமுன் கேட்க வேண்டியவற்றில் விட்டுக்கொடுக்க இடமில்லை. தலைக்குள் உலோகம், செவிக்குள் பொருத்திய கருவி, இதய முடுக்கி, வலிப்பு வரலாறு, எலும்பு அகற்றப்பட்ட மண்டையோடு, வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்துகள் ஆகிய எதுவாயினும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். காந்தத் தூண்டலால் வலிப்பு வருவது மிக அரிது. ஆனால் காயம்பட்ட மூளை என்பதால் அந்த ஆபத்தை எடைபோட்டே முடிவெடுக்க வேண்டும். கருவியின் ஒலிக்குக் காதடைப்பான் அணிவிக்க வேண்டும். லேசான தலைவலியும், மின்முனைக்கு அடியில் அரிப்பும் சிவப்பும் பொதுவாக விரைவில் தணிந்துவிடும். இணையத்தில் விற்கும் கருவியை வாங்கி வீட்டில் தாமாகவே பொருத்திப் பார்ப்பதை நான் எந்த நிலையிலும் பரிந்துரைக்க மாட்டேன்.

பலர் தவறவிடுவது அடுத்த பகுதியைத்தான். தூண்டல் தானாகத் திறனைக் கற்றுத்தருவதில்லை. கற்பதற்கு ஏற்ற நிலையை மூளையில் சிறிது நேரம் உருவாக்கித் தருவதே அதன் வேலை. மின்னோட்டம் பாயும்போதோ, காந்தத் தூண்டல் முடிந்த உடனேயோ பயிற்சி நடக்க வேண்டும். இடது ஓரத்தில் பளிச்சென்ற நாடாவை ஒட்டி, அதைக் கண்டுபிடித்த பிறகே வரியைப் படிக்கத் தொடங்குதல், இடக்கையைச் சிறிதேனும் அசைத்தல், காட்சியை வலப்புறம் நகர்த்தும் பட்டகக் கண்ணாடியுடன் பொருளைச் சுட்டுதல் ஆகியன நன்கறியப்பட்ட பயிற்சிகள். வாரத்தில் ஐந்து நாள்களாக இரண்டு வாரங்கள் நடத்துவது ஆய்வுகளில் அடிக்கடி காணப்படும் ஏற்பாடு. நோயாளிக்குத் தம் குறைபாடு தெரியாதிருப்பதும் உண்டு. அவரை வற்புறுத்தாமல் ஒவ்வொரு நாளும் நோக்கத்தை எளிமையாக விளக்கி, சோர்வு தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும்.

ஆய்வு முடிவுகள் நம்பிக்கை தருபவையே. ஆனால் பெரும்பாலானவை சிறு குழுக்களில் நடந்தவை. தாள் சோதனையில் கிடைத்த முன்னேற்றம் அன்றாட வாழ்வுக்கு வந்து சேர்வதும் உறுதியன்று. எனவே தொடர் முடிந்ததும், பிறகு சில வாரங்கள் கழித்தும், அதே அளவுகோலால் மதிப்பிட வேண்டும். மதிப்பெண் அசையாவிட்டால் தூண்டலை நிறுத்திவிட்டுப் பயிற்சியை மட்டும் தொடர்வதே முறை. மதிப்பெண் முன்னேறியிருந்தாலும், வாகனம் ஓட்டுவதைப் பற்றித் தனியாக மருத்துவ மதிப்பீடு பெறாமல் முடிவெடுக்கக் கூடாது.