சீலிங் ஸ்பீக்கர் வாங்குறீங்களா, பின்பக்கம் பாத்துட்டு வாங்குங்க

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல கம்மி ரேட்ல கிடைக்கிற சீலிங் ஸ்பீக்கர்ல நிறைய 100 வோல்ட் லைன் டைப், அது கடை, ஆஸ்பத்திரில அனவுன்ஸ்மென்ட்டுக்கு போடுறது, திருப்பிப் பாத்தா சின்னதா ஒரு டிரான்ஸ்ஃபார்மர் ஒட்டிட்டு இருக்கும், வாட்ஸ் வாரியா வயரும் தொங்கும், அத வீட்டு ஆம்ப்ளிஃபையர்ல நேரா மாட்டினா சத்தமே எழும்பாது. வீட்டுக்கு 8 ஓம், ஆறரை இன்ச், டூ வே (பேஸுக்கு ஒரு ஸ்பீக்கர், கீச்சுச் சத்தத்துக்கு ட்வீட்டர்னு சின்னதா ஒண்ணு) தாராளமா போதும். ட்வீட்டர நாம உக்கார்ற பக்கம் திருப்பி வைக்கிற மாடல் கிடைச்சா கொஞ்சம் கூடக் குடுத்தாவது அதையே எடுங்க, பேச்சு அவ்ளோ தெளிவா கேக்கும். ஜிப்சம் போர்டு அடிக்கிறதுக்கு முன்னாடியே 16 கேஜ் காப்பர் வயர் இழுத்துடுங்க, ஸ்பீக்கர் உள்ள உக்கார மேல எத்தனை இன்ச் கேப் இருக்குன்னும் அளந்துக்கோங்க. பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம்னா கிரில் (ஸ்பீக்கர் முன்னாடி இருக்கிற வலை மூடி) அலுமினியமா கேளுங்க, இரும்பு உப்புக்காத்துல துரு பிடிச்சிடும்.