வழி கேட்பதற்கு முன் அப்பாவின் மனதைத் தெரிந்துகொள்ளுங்கள்

"இந்த வேலைக்குப் போகட்டுமா வேண்டாமா என்று ஜெபித்தேன் அக்கா, பதிலே வரவில்லை" என்று யாராவது என்னிடம் வந்தால், முதலில் ஒன்று கேட்பேன். தேவனை யாராக மனதில் வைத்துக் கேட்டீர்கள்? தப்பு செய்தால் பிடித்துக்கொள்ளக் காத்திருக்கும் அதிகாரியாகவா, பெற்ற அப்பாவாகவா? அதிகாரியிடம் கேட்கிற மனதுக்கு எந்தப் பதில் வந்தாலும் பயம்தான் வரும்.

அதனால் உங்கள் கேள்வியைச் சில நாட்கள் தள்ளி வைத்துவிட்டு, மத்தேயு 7-ஆம் அதிகாரத்தில் 9 முதல் 11 வரையுள்ள வசனங்களைத் தினமும் நிதானமாகப் படியுங்கள். அப்பம் கேட்கிற பிள்ளைக்கு எந்தத் தகப்பன் கல்லைக் கொடுப்பான் என்று இயேசு கேட்கிறார். சொந்த அப்பாவிடம் அடியும் வசையும் மட்டுமே வாங்கி வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் ஒட்டாது. அவர்கள் ஏசாயா 49:15-ல் தொடங்கட்டும். பெற்ற தாயே மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்று தேவன் அங்கே சொல்கிறார்.

அப்புறம் ஒரு நோட்டை எடுத்து உங்கள் கேள்வியை எழுதுங்கள். அதன் கீழேயே, எந்தப் பதில் வந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். பலருக்கு உண்மையான ஜெபம் அந்த இரண்டாவது வரியில்தான் இருக்கிறது. அதை மறைக்காமல் அப்படியே சொல்லுங்கள். சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே, இந்தப் பாத்திரம் (வரப்போகும் பாடு) நீங்கட்டும் என்று முதலில் தம் விருப்பத்தைச் சொன்னார். அதன் பிறகுதான் உம்முடைய சித்தம் ஆகட்டும் என்றார்.

வேதம் ஏற்கெனவே தெளிவாகச் சொன்னதற்குத் தனியாக அடையாளம் கேட்க வேண்டாம். பொய்க்கணக்கு எழுதலாமா என்று ஜெபிக்கத் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேதத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தைப் பதிலாக எடுத்துக்கொள்வதும் வேண்டாம்.

பதில் தாமதமானால் யாத்திராகமம் 13:17-ஐப் பாருங்கள். பெலிஸ்தரின் நாட்டு வழி கிட்டத்து வழியாக இருந்தும், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து வெளியே வந்த இஸ்ரவேல் ஜனங்களைத் தேவன் அந்த வழியில் நடத்தவில்லை. யுத்தத்தைக் கண்டால் மனமடிந்து எகிப்துக்கே திரும்பிவிடுவார்கள் என்பதுதான் காரணம். பிள்ளையால் எவ்வளவு தாங்க முடியும் என்று பார்த்துப் பாதையைத் தேர்ந்தெடுக்கிற அன்பு அது. சுற்றிப் போன அந்த ஜனங்களிடம் இந்தக் காரணம் சொல்லப்பட்டதாக அந்த இடத்தில் இல்லை. நமக்கும் காரணம் தெரியாமலே இருக்கலாம்.

சரி, எந்தப் பதிலுமே வரவில்லை என்றால்? என் மகள் இரண்டு வேலைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "அம்மா, நீங்களே சொல்லிடுங்க" என்று ஒரு ராத்திரி போனில் அழுதாள். எனக்கு ஒரு விருப்பம் இருந்தது, ஆனால் சொல்லவில்லை. எந்த வேலையை நினைத்தால் காலையில் எழுந்து போகத் தோன்றுகிறது, அங்கே உன்னை யார் எப்படி நடத்துவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். இரண்டுமே நல்ல வேலைகள். எதை எடுத்தாலும் நான் அவள் பக்கம்தான். அவள் வளர்ந்துவிட்டாள் என்பதால்தான் வாயை மூடிக்கொண்டேன். பாசம் குறைந்து அல்ல. ஆண்டவரின் மௌனம் எல்லாமே இப்படித்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு வழியும் நேர்மையானவையாக இருந்தால், தேர்ந்தெடுக்கும் உரிமையை அவர் உங்களுக்கே தந்திருக்கலாம் என்று தாராளமாக நம்புங்கள்.

"கர்த்தர் உன்னைப்பற்றி எனக்குச் சொன்னார்" என்று யாராவது வந்து அவசரப்படுத்தினால், நிதானமாக இருங்கள். உங்களை நன்றாக அறிந்த, உங்கள் முடிவால் ஆதாயம் எதுவும் பெறாத பெரியவர்கள் ஓரிருவரிடம் பேசுங்கள்.

பிறகு நடக்கத் தொடங்குங்கள். அப்போஸ்தலர் 16-ல், ஊர் ஊராகப் போய் இயேசுவைப் பற்றிச் சொன்ன பவுலுக்கு, அன்று ஆசியா என்று அழைக்கப்பட்ட ரோம மாகாணத்தில் வசனம் சொல்லத் தடை வந்தது, பித்தினியாவுக்குப் போகவும் ஆவியானவர் விடவில்லை. அவர் அதற்காக உட்கார்ந்துவிடவில்லை. துரோவா என்ற துறைமுகம் வரைக்கும் போனார். மக்கெதோனியாவுக்கு வரச் சொல்லும் தரிசனம் அங்கேதான் கிடைத்தது. நீங்களும் திரும்பி வர முடிகிற ஒரு சின்ன அடியை முதலில் எடுத்து வையுங்கள்: விண்ணப்பத்தை அனுப்புங்கள், நேரில் போய்ப் பேசிப் பாருங்கள். கதவு மூடினால் அதையும் அதே நோட்டில் எழுதி, அடுத்த கதவைத் தட்டுங்கள்.