ஸ்வீடனில் ஸ்காலர்ஷிப்பில் படிக்கப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிர்க்கலாம்

ஸ்காலர்ஷிப் கிடைத்துவிட்டது என்றதும் இனி பணக்கவலை இல்லை என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஸ்வீடனைப் பொறுத்தவரை, கையில் கிடைத்திருக்கும் ஸ்காலர்ஷிப் எதற்கெல்லாம் பணம் தருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்கள் அங்கே 2011 முதல் கல்விக்கட்டணம் கட்டுகிறார்கள். அதற்கு முன் எல்லோருக்கும் இலவசம்தான். லுண்ட், உப்சாலா பல்கலைக்கழகங்களின் குளோபல் ஸ்காலர்ஷிப்புகள், ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தருவது போன்றவையெல்லாம் கல்விக்கட்டணத்தோடு நின்றுவிடும். லுண்டில் அதுவும் பாதி, கால் என்று பகுதியாகக் கிடைப்பதுண்டு. சாப்பாடும் வாடகையும் உங்கள் பாடு. குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போது அந்தச் செலவுக்கான பணம் உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். அப்பா பெயரில் இருக்கும் டெபாசிட்டைக் காட்டினால் செல்லாது.

ஸ்வீடன் அரசின் அமைப்பான ஸ்வீடிஷ் இன்ஸ்டிட்யூட் தரும் ஸ்காலர்ஷிப் வேறு வகை. கல்விக்கட்டணம், சமீப ஆண்டுகளில் மாதம் 12,000 குரோனர் (ஸ்வீடன் பணம்), காப்பீடு, ஒருமுறை பயணப்படி என்று எல்லாம் அடக்கம். ஆனால் மனைவி, குழந்தைகளுக்கு எதுவும் கிடையாது. குறைந்தது 3,000 மணி நேர வேலை அனுபவத்தைக் காட்ட வேண்டும். எந்த நாட்டவர் விண்ணப்பிக்கலாம் என்ற பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும், போன வருஷம் சீனியர் சொன்னதை நம்பி உட்காரக் கூடாது. இதில் பலர் சறுக்குவது தேதி வரிசையில். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் பிப்ரவரியில் திறக்கும். ஆனால் படிப்புக்கான விண்ணப்பம் ஜனவரி நடுவிலேயே முடிந்துவிடும், அதற்கு 900 குரோனர் கட்டணமும் உண்டு. ஸ்காலர்ஷிப் அறிவிப்பு வரட்டும், அப்புறம் கல்லூரியைப் பார்க்கலாம் என்று இருந்தால் அந்த வருஷம் போயிற்று.

(ஆராய்ச்சிப் படிப்புக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஸ்வீடனில் பிஹெச்டி மாணவர் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர். மாதச் சம்பளம், வரி, விடுப்பு எல்லாம் உண்டு. முதுகலை படிக்கிறவர்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.)

பாஸ்போர்ட் பழசாக இருந்தால்

என் கணக்கில் மிகப் பெரிய தவறு விமானம் ஏறும் முன்பே, ஊரில் வைத்தே நடந்துவிடுகிறது. பாஸ்போர்ட் காலாவதியாகும் தேதியைத் தாண்டிக் குடியிருப்பு அனுமதி தரமாட்டார்கள். இரண்டு வருஷப் படிப்பு, பாஸ்போர்ட்டில் மிச்சம் பத்து மாதம் என்றால் உங்களுக்குக் கிடைப்பது பத்து மாத அனுமதி. நீட்டித்துக்கொண்டால் போகிறது என்று தோன்றும். சிக்கல் அதற்கு அடுத்த படியில்தான் இருக்கிறது.

ஒரு வருஷமோ அதற்கு மேலோ தங்குகிறவர்களுக்குத்தான் ஸ்வீடன் வரி அலுவலகம் பெர்சோன்நும்மர் என்ற அடையாள எண்ணைத் தருகிறது. நம் ஊர் ஆதாரைவிட இது ஆழமாக வேர் விட்ட விஷயம். அந்த எண் இருந்தால்தான் அடையாள அட்டை. அட்டை இருந்தால் வங்கியில் வேலை சுலபம். வங்கி கொடுத்தால்தான் பேங்க்ஐடி என்ற கைபேசிக் கையெழுத்து. அது இருந்தால்தான் ஸ்விஷ், அதாவது அவர்கள் ஊர் ஜிபே. உள்ளூர் மக்களைப் போலக் குறைந்த கட்டணத்தில் மருத்துவமும் மக்கள்தொகைப் பதிவை வைத்துத்தான். பத்து மாத அனுமதியோடு இறங்கினவருக்கு இதில் முதல் கண்ணியே இல்லை. வகுப்புத் தோழர்கள் பீட்சாவுக்குப் பங்கு போடும்போது ஸ்விஷ் இல்லாமல் விழித்துக்கொண்டு நிற்பார். ஆகவே, தேர்வாகுமோ ஆகாதோ என்று பார்க்காமல் விண்ணப்பிக்கும்போதே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் எண் வருவதற்கும் கணக்கு திறப்பதற்கும் வாரக்கணக்கில் ஆகலாம். போய் இறங்கியவுடன் ஸ்காலர்ஷிப் பணம் கைக்கு வந்துவிடும் என்று கணக்குப் போடுவது அடுத்த தவறு. முதல் இரண்டு மாதத்துக்கான பணம் வெளிநாட்டில் செல்லும் கார்டில் இருக்கட்டும். ரொக்கமாகக் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பல கடைகள் ரொக்கமே வாங்குவதில்லை.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேரை அலைக்கழித்தது. தபால் பெட்டியில் உங்கள் பெயர் இல்லை என்றால் தபால்காரர் கடிதத்தைப் போடமாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். அரசாங்கத்தின் முக்கியமான தகவல்கள் பல, காகிதக் கடிதமாகத்தான் முதலில் வரும். வேறொருவர் பெயரில் உள்ள வீட்டில் தங்கினால் அவர் பெயரையும் சேர்த்து முகவரி கொடுக்க வேண்டும்.

வீடும் செலவும்

ஸ்டாக்ஹோம், உப்சாலா, லுண்ட் மூன்றிலும் மாணவர் அறைகளுக்குத் தட்டுப்பாடு. வாடகை வீட்டுக்கு வரிசை முறை. எத்தனை நாளாக வரிசையில் நிற்கிறீர்களோ அதை வைத்துத்தான் இடம். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே பதிய முடிகிற இடங்களில் பதிந்துவைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை. கட்டணம் கட்டும் மாணவர்களுக்கும் ஸ்காலர்ஷிப் மாணவர்களுக்கும் சில பல்கலைக்கழகங்கள் தாங்களே அறை ஏற்பாடு செய்கின்றன. அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கெடு. மின்னஞ்சல் ஒருமுறை வரும், மறுபடி யாரும் ஞாபகப்படுத்தமாட்டார்கள்.

ஆகஸ்டில் பதற்றத்தோடு ஃபேஸ்புக்கில் அறை தேடுகிறவர்கள்தான் மோசடிக்காரர்களின் முதல் இலக்கு. "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்புங்கள், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். நேரிலோ, அந்த ஊரில் உள்ள நண்பர் மூலமோ பார்க்காத அறைக்கு ஒரு குரோனர்கூடக் கொடுக்கக் கூடாது. உள்வாடகைக்கு எடுத்தால் வீட்டுச் சொந்தக்காரரோ நிறுவனமோ அதற்கு ஒப்புக்கொண்ட கடிதத்தைக் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். அங்கே அது சாதாரணக் கேள்வி.

பன்னிரண்டாயிரம் குரோனர் என்பது நம் பணத்தில் லட்ச ரூபாயை ஒட்டி வரும். அந்தக் கணக்கே இரண்டு விதமாக ஏமாற்றும். லட்ச ரூபாயில் பாதியை ஊருக்கு அனுப்பலாம் என்று கிளம்புகிறவர்கள் ஒரு பக்கம். காபிக்கு முந்நூறு ரூபாயா என்று பெருக்கிப் பெருக்கி, பேருந்துக்குக்கூடச் செலவு செய்யாமல் அறையிலேயே கிடக்கிறவர்கள் இன்னொரு பக்கம். பொதுச் சமையலறையோடு கூடிய மாணவர் அறைக்கே ஐயாயிரம் குரோனர் சுமாராகப் போய்விடும். சமைத்துச் சாப்பிட்டால் மிச்சத்தில் வசதியாகவே ஓட்டலாம், ஓட்டலில் சாப்பிட்டால் முடியாது. மதியச் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோவதில் அங்கே யாருக்கும் வெட்கமில்லை. பல்கலைக்கழகத்தில் மைக்ரோவேவ் அடுப்புகள் வரிசையாக வைத்திருப்பார்கள். கோடை விடுமுறை மாதங்களுக்கும் உதவித்தொகை உண்டா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மூட்டை கட்டும்போது நெய், பால்கோவா, இறைச்சித் தொக்கு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் வெளியிலிருந்து பாலும் இறைச்சியும் சேர்ந்த பொருளைக் கொண்டுவரக் கூடாது. கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் அனுமதியில்லை. வேடிக்கை என்னவென்றால் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. கருவாடும் போகும், பக்கத்து இருக்கைக்காரர் சம்மதித்தால். சமையலறையில் ஜன்னலைத் திறக்காமல் காய்ந்த மிளகாய் தாளிக்காதீர்கள். புகை அலாரம் அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிட்டால், அதற்கான பில் உங்கள் அறைக்கு வரக்கூடும்.

கால அட்டவணை காலியாக இருக்கும்

அரையாண்டுக்கு 30 கிரெடிட், அதாவது வாரத்துக்கு 40 மணி நேர உழைப்பு என்பது ஸ்வீடனின் கணக்கு. ஆனால் பல முதுகலைப் படிப்புகளில் வகுப்பு நேரம் அதில் கால்வாசிதான். புதிதாகப் போகிறவர் காலியான அட்டவணையைப் பார்த்துப் பகுதிநேர வேலையும் ஊர் சுற்றலுமாக நிரப்பிவிடுகிறார். 7.5 கிரெடிட் பாடம் ஐந்து வாரத்தில் முடிந்துவிடும். மூன்றாவது வாரம் விழித்துக்கொண்டால் தேர்வுக்கு இன்னும் பதினைந்து நாள்கூட இருக்காது. வருகைப் பதிவு, மாதத் தேர்வு, வீட்டுக்குக் கடிதம் எதுவும் இல்லை. பாடத்துக்கும் நீங்களேதான் பதிவு செய்ய வேண்டும், செய்யாவிட்டால் இடம் போய்விடலாம். தேர்வுக்கும் தனிப் பதிவு. பல இடங்களில் அந்தக் கெடு தேர்வுக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே முடிந்துவிடும். நன்றாகப் படித்தும் பதியாததால் அறைக்கு வெளியே நின்றவர்கள் ஒவ்வொரு வருஷமும் உண்டு.

பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுவதற்கே நம்மவர்களுக்கு ஒரு அரையாண்டு ஆகிறது. அதனால் பெரிய கெடுதல் ஒன்றுமில்லை. புரியாததைக் கேட்காமல் மரியாதையாக உட்கார்ந்திருப்பதில்தான் கெடுதல். கருத்தரங்கு வகுப்பில் வாய் திறக்காவிட்டால் நீங்கள் படித்துவிட்டு வரவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். குழு வேலையில் உங்கள் பகுதி தாமதமாகும் என்றால் முன்னாலேயே சொல்லிவிட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். கடைசி நாள் சொன்னால் அடுத்த முறை உங்களைக் குழுவில் சேர்க்கமாட்டார்கள். காரணமும் சொல்லமாட்டார்கள்.

எழுத்துத் திருட்டு விஷயத்தில் அந்தப் பக்கத்து நாடுகள் எவ்வளவு கறார் என்பதற்கு நார்வேயில் நடந்ததைச் சொன்னால் போதும். தான் எழுதி முன்பு தோற்ற தேர்வின் வரிகளையே மறுதேர்வில் திரும்பப் போட்ட ஒரு மாணவியின் வழக்கை உயர்கல்வி அமைச்சகம் உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2024 ஜனவரியில் அந்தத் துறையின் அமைச்சரான சாண்ட்ரா போர்க் பதவி விலக நேர்ந்தது. பத்தாண்டுகளுக்கு முந்தைய அவருடைய முதுகலை ஆய்வேட்டில் வேறு மாணவர்களின் வரிகள் மேற்கோள் இல்லாமல் இருந்தன. சில மாதங்களில் சுகாதார அமைச்சரும் தன் ஆய்வேட்டுக்காகவே பதவி இழந்தார். ஸ்வீடனில் இந்தக் குற்றத்துக்கு ஆறு மாதம் வரை இடைநீக்கம் செய்ய முடியும். முழுநேரமாகப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் உதவித்தொகை அந்த ஆறு மாதத்தில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இணையத்திலிருந்து இரண்டு வரி எடுப்பது, நண்பனின் நிரலை லேசாக மாற்றிக் கொடுப்பது, தன் பழைய கட்டுரையைத் திரும்பப் போடுவது எல்லாமே இதற்குள் அடங்கும்.

குளிர் பற்றி எல்லோரும் பயமுறுத்திவிட்டார்கள், நான் வேறு வேண்டாம். கனமான கோட்டை இங்கே வாங்கிச் சுமக்காமல் அங்கே பழைய துணிக் கடைகளில் வாங்குங்கள். குளிரைவிட இருட்டுதான் படுத்தும். டிசம்பரில் ஸ்டாக்ஹோமில் பகல் ஆறு மணி நேரம், வடக்கே உமெயோவில் அதைவிடக் குறைவு. வெளிச்சம் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில் வெளியே நடக்காமல் விட்டால் ஜனவரியில் படிப்பே ஓடாது. பல்லில் ஏதாவது பிரச்சினை இருந்தால் ஊரிலேயே பார்த்துவிட்டுப் போங்கள், அங்கே பெரியவர்களுக்குப் பல் வைத்தியம் விலை அதிகம். மற்ற நோய்க்கு 1177-ஐ அழைத்துச் செவிலியரிடம் பேசலாம். பெரும்பாலும் பாராசிட்டமால் சாப்பிட்டு ஓய்வெடுக்கச் சொல்வார்கள், அதற்காகக் கோபப்படக் கூடாது.

அங்கேயே வேலை பார்க்கும் எண்ணம் இருந்தால் முதல் அரையாண்டிலேயே ஸ்வீடிஷ் வகுப்பில் சேர்ந்துவிடுங்கள். படிப்பு முழுக்க ஆங்கிலத்தில் இருக்கிறது, கடையில் எல்லோரும் ஆங்கிலம் பேசுகிறார்கள் என்பதால் தேவையில்லை என்று தோன்றும். நேர்காணல் வரைக்கும் அந்த நினைப்பு தாங்கும். கோடை வேலைகளுக்கான விண்ணப்பம் குளிர்காலத்திலேயே வந்துவிடும். நிறுவனங்களில் செய்யும் ஆய்வேட்டு இடங்கள் ஜனவரியில் தொடங்குவதற்கு இலையுதிர் காலத்திலேயே விளம்பரமாகும். படிப்பு முடிந்தபின் வேலை தேடத் தனி அனுமதி உண்டு. அதற்கு மாணவர் அனுமதி தீரும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். தேதியைக் காலண்டரில் இப்போதே குறித்துவையுங்கள், பட்டமளிப்பு கொண்டாட்டத்தில் அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.