மிஸ்ஸிங் எந்தக் காயிலால்? இடம் மாற்றிப் பார்த்தாலே தெரியும்

டர்போ பெட்ரோல் காரில் மிஸ்ஸிங் (சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் இன்ஜின் தடுமாறுவது) இருந்து, ஸ்கேனர் பி0302 என்ற பழுதுக் கோடு (code) காட்டினால், ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் நான்கு காயிலையும் வாங்க உடனே பெங்களூரு ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளுக்குப் போக வேண்டாம். இன்ஜின் ஆறியதும் இரண்டாவது சிலிண்டரின் இக்னிஷன் காயிலை மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதன் காயிலை இரண்டாவதில் மாட்டுங்கள். ஸ்கேனரில் அந்தப் பழுதுக் கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். கோடு பி0303 என்று மாறினால் குற்றவாளி அந்தக் காயில்தான். ஒன்று வாங்கினால் போதும். மாறவில்லையா, அப்புறம் ஸ்பார்க் பிளக்கை இதேபோல் இடம் மாற்றுங்கள். அதற்கும் அசையாவிட்டால் இன்ஜெக்டர், கம்ப்ரெஷன் பக்கம் பார்க்க வேண்டும்.

கோட்டின் கடைசி எண்தான் சிலிண்டர் எண் என்பதால் பழுதான பாகம் போகும் இடத்துக்கே எண்ணும் போகிறது. ஆனால் சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்தபடி சோதித்தால் ஒன்றும் தெரியாது. பூஸ்ட் ஏறும்போது, அதாவது டர்போ கூடுதல் காற்றைத் திணிக்கும்போது, சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, பொறி தாண்ட அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. பலவீனமான காயில் அங்கேதான் தடுமாறும். அதனால் காலியான ரோட்டில், வேக வரம்புக்குள், மேல் கியரில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பாருங்கள்.

பி0300 வந்தால் இந்த வழி உதவாது. அது பல சிலிண்டர்களில் மாறி மாறி வரும் மிஸ்ஸிங். காற்றுக் கசிவு, பெட்ரோல் அழுத்தம் என்று தேட வேண்டும். எல்லா சிலிண்டருக்கும் ஒரே காயில் பேக் உள்ள கார்களிலும் காயிலை மாற்றிப் பார்க்க வழியில்லை. செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் தயவுசெய்து ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும், அதன் விலை காயிலைவிடப் பல மடங்கு.