கடுங்குளிர் நாளில் எழும் காலநிலை வாதத்தை எடைபோடும் முறை

வட அமெரிக்காவில் கடுங்குளிர் இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி எழுகிறது: பூமி சூடாகிறது என்றால் இந்தக் குளிர் எங்கிருந்து வந்தது? 2015 பிப்ரவரி 26 அன்று ஓக்லஹோமாவின் பிரதிநிதியான அமெரிக்க செனட்டர் ஜிம் இன்ஹோஃப், வெளியே கிடந்த பனியை உருண்டையாக்கிப் பிளாஸ்டிக் பையில் செனட் அவைக்குள் எடுத்து வந்து, அவையை நடத்தியவரை நோக்கி வீசினார். 2019 ஜனவரி இறுதியில் சிகாகோவும் மினியாபொலிசும் உறைந்து கொண்டிருந்தபோது, புவி வெப்பமாதலை விரைவில் திரும்பி வரும்படி அதிபர் டிரம்ப் ட்விட்டரில் அழைத்தார். கேள்வியைக் கேட்பதில் தவறில்லை. வீட்டு வாசலில் இடுப்பளவு பனி கிடக்கும்போது யாருக்கும் அது தோன்றும். ஆனால் அதற்கு விடை தேடுவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கைத் தவறவிட்டு 2021 பிப்ரவரிக் குளிரின்போது நடந்த விவாதம் டெக்சசில் உயிர்களைக் காத்திருக்கக்கூடிய பேச்சையே மறைத்தது என்பதால், அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில் எண்ணைச் சரிபாருங்கள்

உங்களுக்கு வந்து சேரும் செய்தியில் உள்ள எண் காற்றின் உண்மையான வெப்பநிலையா, அல்லது வீசும் காற்றால் உடல் உணரும் குளிரைக் கணக்கிட்டுச் சொன்ன எண்ணா என்று பாருங்கள். 2019 ஜனவரி 30 அன்று சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் பதிவான வெப்பநிலை மைனஸ் 31 டிகிரி செல்சியஸ். காற்றின் வேகத்தைச் சேர்த்துச் சொன்ன உணர்குளிரோ மைனஸ் 47 வரை இறங்கியது. வெளியே நிற்பவரின் விரல்களுக்கு இரண்டாவது எண்தான் முக்கியம். சில நிமிடங்களிலேயே தோல் உறைந்துவிடும். ஆனால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுவதற்கு முதல் எண்ணையே எடுக்க வேண்டும். பரவும் செய்திகளில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. அலகு ஃபாரன்ஹீட்டா செல்சியஸா என்பதையும் கூடவே கவனியுங்கள்.

அடுத்து, அதே நிலையத்தின் பழைய பதிவேட்டைத் தேடுங்கள். சிகாகோ 1985 ஜனவரி 20 அன்று மைனஸ் 33 டிகிரியைக் கண்டிருக்கிறது. ஆகவே 2019இன் குளிர் கொடியதாக இருந்தாலும் அந்நகரம் அதுவரை காணாதது அன்று. அதே குளிர் அலையில் இலினாய் மாநிலத்தின் மவுண்ட் கரோல் என்ற ஊர் மைனஸ் 39 டிகிரிக்கு இறங்கி, மாநிலத்தின் முந்தைய சாதனையை முறியடித்தது. இரண்டுமே உண்மை. வாதத்துக்கு வசதியான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளாமல் இரண்டையும் எழுதி வையுங்கள்.

பனிப்பொழிவையும் குளிரையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்வதும் அவசியம். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். ஆதலால் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருக்கும் வரை, சூடான உலகிலும் ஒரே நாளில் பெரும்பனி கொட்டலாம். ஒரு பனி உருண்டை, அது உருண்ட இடத்தில் அன்று உறைநிலைக்கு அருகில் குளிர் இருந்தது என்பதை மட்டுமே நிறுவும்.

பிறகு வரைபடத்தை விரியுங்கள்

ஒரு நகரத்தின் ஒரு வாரம் வானிலை. உலகம் முழுவதன் பல பத்தாண்டுகள் காலநிலை. இந்த வேறுபாட்டை எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் கண்ணால் பார்த்தால்தான் மனத்தில் பதிகிறது. அமெரிக்காவின் மெய்ன் பல்கலைக்கழகம் நடத்தும் ‘கிளைமேட் ரீஅனலைசர்’ தளத்தில் அன்றன்றைய உலக வரைபடம் கிடைக்கும். அதில் வெறும் வெப்பநிலை வரைபடத்தை விட்டுவிட்டு, வழக்கமான அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டும் வரைபடத்தைத் திறவுங்கள். கடுங்குளிர் நாளில் ஒரு கண்டத்தின் நடுவே அடர்நீலத் திட்டு தெரியும். அதைச் சுற்றி, பெரும்பாலும் ஆர்க்டிக்கிலேயே, சிவப்புத் திட்டுகள் தெரியும். 2019 ஜனவரி 24 அன்று, சிகாகோ உறைவதற்குச் சில நாட்களுக்கு முன், ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு 46.6 டிகிரியைத் தொட்டது. உலகம் முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது அந்த ஜனவரி, அதுவரையிலான 140 ஆண்டுப் பதிவில் மூன்றாவது மிக வெப்பமான ஜனவரியாக 2007ஆம் ஆண்டோடு இடத்தைப் பகிர்ந்துகொண்டது என்று அமெரிக்கப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகமான நோவா அறிவித்தது.

‘வழக்கமான அளவு’ எந்த ஆண்டுகளின் சராசரி என்பதையும் பாருங்கள். நாசா 1951–1980ஐ அடிப்படையாகக் கொள்கிறது; தொலைக்காட்சி வானிலை அறிக்கைகளில் இன்று பெரும்பாலும் 1991–2020 பயன்படுகிறது. பிந்தைய காலகட்டமே ஏற்கெனவே சூடேறியது என்பதால், நம் பாட்டனார் காலத்தில் சாதாரணமாக இருந்த குளிர்கூட அதனோடு ஒப்பிடும்போது அடர்நீலமாகத் தெரியும். வரைபடத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் இந்த ஒரு வரியைப் படிக்காமல் எந்த வரைபடத்தையும் பிறருக்கு அனுப்ப வேண்டாம்.

ஒரு நாளின் வரைபடம் போதாது என்று வாதிடுவோர் இருப்பர். அவர்கள் சொல்வது சரியே. அவர்களிடம் சாதனைகளின் எண்ணிக்கையைக் காட்டுங்கள். காலநிலை மாறாமல் இருந்தால், வெப்பச் சாதனைகளும் குளிர்ச் சாதனைகளும் நீண்ட காலத்தில் ஏறத்தாழச் சமமாக விழ வேண்டும். அமெரிக்க நிலப்பரப்பில் 1950களில் அப்படித்தான் இருந்தது. 2000களில் ஒரு குளிர்ச் சாதனைக்கு ஏறத்தாழ இரண்டு வெப்பச் சாதனைகள் விழுந்தன என்று ஜெரால்டு மீல் தலைமையிலான ஆய்வு 2009இல் கணக்கிட்டது. குளிர்ச் சாதனைகள் நின்றுபோகவில்லை, அருகிவிட்டன. காலநிலை ஆய்வுகளை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கையும், 1950களிலிருந்து பெரும்பாலான நிலப்பகுதிகளில் கடுங்குளிர் நிகழ்வுகள் குறைந்தும் மென்மையடைந்தும் வருவதை ஏறத்தாழ முழு உறுதியோடு சொல்கிறது.

காரணத்தைச் சொல்லும்போது அளவோடு சொல்லுங்கள்

இத்தகைய குளிருக்குக் காரணமாக அடிக்கடி சொல்லப்படும் துருவச் சுழல் புதிய பூதம் எதுவுமன்று. குளிர்காலத்தில் சூரியனைக் காணாத வடதுருவத்துக்கு மேலே, 15 முதல் 50 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றும் பெருங்காற்று அது. ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் உருவாகி வசந்தத்தில் கலைகிறது. அது வலுவாகச் சுற்றும் வரை துருவக் குளிர் பெரும்பாலும் வடக்கிலேயே தங்கும். கீழிருந்து எழும் காற்றின் பேரலைகள் அதைத் தாக்கும்போது, வேகம் குன்றிய பம்பரம் தலையாட்டுவதைப் போல அது தடுமாறி நீள்கிறது, சில நேரம் இரண்டாகப் பிளக்கிறது. அதன் பின்விளைவாகக் கீழே ஓடும் ஜெட் காற்றோட்டம் தெற்கே வளைந்து, துருவக் குளிரை நடு அட்சரேகைகளுக்கு இறக்கிவிடலாம். 2021 ஜனவரி தொடக்கத்தில் அந்த உயரத்தில் திடீர் வெப்ப உயர்வு ஏற்பட்டது. பிப்ரவரி நடுவில் குளிர் டெக்சஸ் வரை இறங்கியது.

இங்கே, பூமி சூடாகிறது என்று சொல்லும் நம் தரப்பும் தவறு செய்கிறது. ‘இந்தக் குளிரே காலநிலை மாற்றத்தால் வந்தது’ என்று சிலர் உடனே எழுதிவிடுகிறார்கள். 1979 முதல் ஆர்க்டிக் உலகச் சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகமாகச் சூடேறியிருப்பது உறுதியானது. அந்தச் சூட்டால் துருவச் சுழல் அடிக்கடி நீள்கிறது என்று ஜூடா கோஹனும் அவரது குழுவினரும் 2021இல் எழுதினர். மற்ற ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்கவில்லை; ஆர்க்டிக் வெப்பம் நடு அட்சரேகைக் காற்றோட்டத்தை எந்த அளவு மாற்றுகிறது என்பதில் ஐபிசிசி குறைந்த நம்பிக்கையே தெரிவிக்கிறது. ஆகவே ‘இப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்று சில ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், இன்னும் முடிவாகவில்லை’ என்று எழுதுவதே நேர்மை. உறுதியானதற்கும் உறுதியாகாததற்கும் ஒரே குரலில் பேசினால், அடுத்த முறை உறுதியானதைச் சொல்லும்போதும் கேட்பவர் நம்பமாட்டார்.

எது பழுதானது என்பதைத் தனியே கேளுங்கள்

இதுவே மிக முக்கியமான படி. 2021 பிப்ரவரி 16 அன்று டல்லஸ் மைனஸ் 19 டிகிரிக்கு இறங்கியது. 45 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளும் கடைகளும் மின்சாரம் இழந்தன; மாநில சுகாதாரத் துறை பின்னர் 246 இறப்புகளை இதோடு இணைத்தது, அவர்களில் பெரும்பாலோர் குளிரிலேயே மடிந்தவர்கள். 15ஆம் தேதி அதிகாலை மின்தொகுப்பு முழுவதுமாக விழுவதற்கு 4 நிமிடம் 37 நொடிகளே எஞ்சியிருந்தன. அந்த இருட்டிலேயே, உறைந்த காற்றாலைகள்தான் காரணம் என்ற வாதம் தொலைக்காட்சியில் ஓடியது. ஹெலிகாப்டர் ஒன்று காற்றாலை இறக்கையின் பனியை அகற்றும் படம் பரவியது. அந்தப் படம் சில ஆண்டுகளுக்கு முன் சுவீடனில் எடுக்கப்பட்டது.

கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்காணையம் அந்த நவம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை, டெக்சசிலும் அண்டைப் பகுதிகளிலும் பழுதான 1,045 மின்னாக்கி அலகுகளில் 58 சதவீதம் இயற்கை எரிவாயுவில் ஓடுபவை என்று கூறியது. காற்றாலைகளும் உறைந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பழுது எங்கே விழுந்தது என்பதைக் கிட்டத்தில் பாருங்கள். எரிவாயுவோடு கிணற்றிலிருந்து ஏறும் நீர் கிணற்று வாயிலிலேயே உறைந்து குழாயை அடைத்தது. அழுத்தத்தை அளக்கும் விரல்தடிமன் குழாயில் தேங்கிய நீர் உறைந்தபோது கருவி தவறான அளவைக் காட்ட, ஆலை தானாக நின்றது. தெற்கு டெக்சஸ் அணுமின் நிலையத்தின் ஓர் அலகுகூட இவ்வகைப் பழுதால்தான் நின்றது. மின்வெட்டை அமல்படுத்தியபோது, எரிவாயுவை உந்தும் அமுக்கி நிலையங்கள் சிலவற்றின் மின்சாரமும் துண்டிக்கப்பட்டது, ஏனெனில் அவை இன்றியமையாத இடங்கள் என்று முன்கூட்டியே பதிவு செய்யப்படவில்லை. வாயு குறைந்ததால் மின்சாரம் குறைந்தது, மின்சாரம் குறைந்ததால் வாயு மேலும் குறைந்தது. அண்டை மாநிலங்களின் பெருந்தொகுப்புகளோடு டெக்சஸ் தொகுப்பு மிகச் சிறிய அளவிலேயே இணைந்திருப்பதால் வெளியிலிருந்தும் போதிய உதவி வரவில்லை. 2011 பிப்ரவரியிலும் இப்படி ஒரு குளிர் வந்து, குளிர்காப்பு செய்யும்படி பரிந்துரைகளும் எழுதப்பட்டன. அவை கட்டாயமாக்கப்படவில்லை.

உலகம் சூடாகிறதா என்ற கேள்விக்கு எந்த விடை சொன்னாலும் அந்தக் குழாய்க்கு உறை போட வேண்டியிருந்தது. ஆகவே இத்தகைய விவாதத்தில் இறங்கும்போது மூன்று கேள்விகளைத் தனித்தனித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: உலகம் சூடாகிறதா, இந்தக் குளிர் ஏன் வந்தது, மக்கள் ஏன் இறந்தார்கள். ஒன்றுக்கான சான்றை மற்றொன்றுக்குக் காட்ட யாரையும் விடாதீர்கள், நீங்களும் காட்டாதீர்கள்.

டல்லசிலோ ஹூஸ்டனிலோ இருக்கும் உறவினர் இருண்ட வீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கையில் உலகச் சராசரியைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம். வீட்டுக்குள் கரி அடுப்பையோ ஜெனரேட்டரையோ இயக்கக் கூடாது, மூடிய கேரேஜில் காரை ஓடவிடக் கூடாது, கார்பன் மோனாக்சைடு மணமின்றிக் கொல்லும் என்பதை முதலில் சொல்லுங்கள். மின்சாரம் திரும்பிய பிறகு, வாதம் செய்ய விரும்பினால், தங்கள் பகுதி மின் நிறுவனத்திடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்கும்படி அவரைத் தூண்டுங்கள்: 2021 ஜூனில் இயற்றப்பட்ட குளிர்காப்புச் சட்டத்தின்படி எங்கள் மின்நிலையம் ஆய்வு செய்யப்பட்டதா, அதற்கு வாயு அனுப்பும் அமுக்கி நிலையம் இன்றியமையாத இடமாகப் பதிவாகியிருக்கிறதா?