அழ வைப்பதற்கு முன் மூச்சை எண்ணுங்கள்

புதுச்சேரி எல்லைப்பிள்ளைச்சாவடி மருத்துவமனையோ, கடலூர் அரசு மருத்துவமனையோ, குழந்தைகள் வார்டில் போஸ்டிங் கிடைத்த நர்சிங் மாணவர்களுக்கு ஒரு குறிப்பு. போனதும் தெர்மாமீட்டரை எடுக்காதீர்கள். முதல் வேலை மூச்சை எண்ணுவது. தொட்டால் குழந்தை வீறிடும். அழும்போது எடுத்த கணக்கு எதற்கும் உதவாது.

குழந்தை அம்மா மடியிலேயே இருக்கட்டும். "சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்கம்மா" என்று சொல்லிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று வயிறு ஏறி இறங்குவதைப் பாருங்கள். முழுதாக ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கும் வேலை இங்கே வேண்டாம், கைக்குழந்தையின் மூச்சு சீராக இருக்காது.

2 மாதம் நிரம்பாத குழந்தைக்கு 60, அதன்பின் ஒரு வயது வரை 50, 5 வயது வரை 40. எண்ணிக்கை இதைத் தொட்டாலே வேகமூச்சுதான். 2 மாதம் நிரம்பாத சிசுவாக இருந்தால் இன்னொரு முறை எண்ணிக்கொள்ளுங்கள். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா? உடனே ஸ்டாஃப் நர்சைக் கூப்பிடுங்கள், சார்ட்டெல்லாம் பிறகு எழுதலாம்.

அப்புறம் நாடி, கடைசியில் தெர்மாமீட்டர். யூனிஃபார்மைப் பார்த்தாலே அழுகிற பிள்ளையா? சரி, தூங்கும்போது போய் எண்ணுங்கள்.