ஷோரூம் தொலைவில் இருந்தால், பைக் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குறைந்த விலையில் பைக் வாங்கப் போகும் யாரும் மைலேஜ் கேட்பார்கள், விலை கேட்பார்கள், தவணை எவ்வளவு என்று கேட்பார்கள். ஷோரூம் தெருமுனையில் இருப்பவருக்கு அந்தக் கேள்விகள் போதும். 150 கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் அதற்கு முன்பே கேட்க வேண்டிய ஒன்று உண்டு: இந்த வண்டி நின்றுபோனால் இங்கே யார் கைவைப்பார்கள்?

பைக்கை முடிவு செய்துவிட்டு மெக்கானிக்கைத் தேடுவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரிது. முதலில் மெக்கானிக், அப்புறம்தான் பைக். பக்கத்தில் இருக்கும் பட்டறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். எந்த வண்டிகள் அதிகம் வருகின்றன, எவற்றுக்கு அவர் சாமானை அலமாரியிலிருந்தே எடுக்கிறார், எவற்றுக்கு "சொல்லி வரவழைக்கணும்" என்கிறார் என்பதைக் கவனியுங்கள். விளம்பரத்தில் எழுதியிருக்கும் எதையும்விட அது உங்களுக்கு உதவும். அவருக்குப் பழகிய பழைய மாடல் உங்களுக்குக் கொஞ்சம் சலிப்பாகத் தெரியலாம். பரவாயில்லை. பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேபிள், செயின் செட் எல்லாம் அன்றைக்கே கிடைக்கும் வண்டிதான் தொலைவில் இருப்பவருக்கு ஏற்ற வண்டி.

இதைத் தயாரிப்பாளர்களே யோசித்துச் செய்த வண்டிகள் உண்டு. ஹோண்டா 1976-இல் கொண்டுவந்த சிஜி 125 அப்படிப்பட்டது. ஆயிலை ஒழுங்காக மாற்றாதவர்கள் கையிலும் தாங்க வேண்டும் என்பதற்காக, கேம் செயின் (வால்வுகளை இயக்க இன்ஜினுக்குள் ஓடும் சங்கிலி) இல்லாமல், கம்பிகளால் வால்வுகளைத் தள்ளும் புஷ்ராட் இன்ஜின் வைத்தார்கள். தூசி படாமலிருக்கப் பின் சக்கரத்தைச் சுழற்றும் செயினைச் சுற்றி முழு கவர் போட்டார்கள். பிறகு பல நாடுகளில் அதே இன்ஜினைப் பார்த்துச் செய்த வண்டிகள் பெருகியதால், அதற்குச் சாமான் கிடைப்பதும் எளிதானது.

இன்ஜெக்ஷன் வண்டி, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் பட்டறையில் இருக்கிறதா? இல்லையென்றால், பல மாடல்களில் மீட்டரில் உள்ள எச்சரிக்கை விளக்கு எத்தனை முறை மினுக்குகிறது என்று எண்ணியே கோளாறைத் தெரிந்துகொள்ளலாம். நீங்கள் வாங்கும் மாடலில் அது உண்டா என்று கேளுங்கள். கார்புரேட்டர் வண்டி பேட்டரி இறங்கினாலும் பெரும்பாலும் கிக்கரில் கிளம்பிவிடும். இன்ஜெக்ஷன் வண்டியின் பெட்ரோல் பம்புக்குக் கரண்ட் வேண்டும். அதனால் பேட்டரி அடியோடு இறங்கினால் பல வண்டிகள் தள்ளினாலும் அசையாது. இன்ஜெக்ஷனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேட்டரியைக் கவனிக்காமல் விடக்கூடாது, அவ்வளவுதான்.

அடுத்த தவறு, விலையோடு தூரத்தைக் கூட்டாமல் விடுவது. ஷோரூம் 150 கிலோமீட்டரில் இருந்தால் ஒரு முறை போய் வர 300. வருடத்துக்கு 4 சர்வீஸ் என்றால் 1,200 கிலோமீட்டரும் 4 நாள் வேலையும் அதற்கே போய்விடும். முதல் சர்வீஸ் பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோமீட்டருக்குள் வரும். அதைத் தள்ளிப்போடவே கூடாது. புது இன்ஜினில் பாகங்கள் உரசிப் படியும்போது உதிரும் நுண்ணிய உலோகத் துகள்கள் அந்த முதல் ஆயிலில்தான் கலந்திருக்கும். கிலோமீட்டர் ஆகாவிட்டாலும் குறிப்பிட்ட நாள் கடந்தால் சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் வாரண்டியில் வழக்கமாக இருக்கும். எனவே பணம் கட்டும் முன்பே, அதே கம்பெனியின் வேறு சர்வீஸ் சென்டர் உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறதா, இலவச சர்வீஸை அங்கே செய்து தருவார்களா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டெலிவரி எடுக்கும் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் முதல் வண்டியைக் கடை மூடும் நேரத்தில் எடுத்தேன். ஊர் போய்ச் சேர வேண்டுமே என்ற அவசரம். 60 கிலோமீட்டர் தாண்டியதும் செயின் கவரில் டக் டக் என்று அடி. வழியில் ஒரு பஞ்சர் கடையில் நிறுத்தினேன். அங்கிருந்த பெரியவர் குனிந்து பார்த்து, பின் சக்கரத்தின் அச்சைப் பிடித்திருக்கும் ஆக்சில் நட்டை இரண்டு விரலால் சுற்றிக் காட்டினார். ஸ்பேனரே தேவைப்படவில்லை. சக்கரம் ஒரு பக்கமாக இழுபட்டுச் செயின் தொங்கியிருந்தது. அவர் சக்கரத்தை நேர் செய்து, நட்டை இறுக்கித் தந்த பிறகும் எனக்குக் கை நடுக்கம் நிற்கவில்லை.

அதனால் காலையில் போங்கள், பகல் வெளிச்சத்தில் எடுங்கள். இரண்டு ஆக்சில் நட்டுகளையும் கண் முன்னால் ஸ்பேனர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சமதளத்தில் வண்டியை நேராக நிறுத்தி ஆயில் அளவைப் பாருங்கள். செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால், இந்த வகை வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும். சரியான அளவு வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கிறது. இன்ஜின் ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் திருகாமல்) ஓடும்போது ஹேண்டில்பாரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புங்கள். இன்ஜின் சத்தம் ஏறினால் ஆக்சிலரேட்டர் கேபிள் எங்கோ இழுபடுகிறது. அதைச் சரி செய்யாமல் கிளம்பவே கூடாது. டயர் ஓரத்தில் உள்ள 4 இலக்க எண்ணையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர்.

காகிதங்களில் உள்ள சேசிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் வண்டியில் அடித்திருப்பதோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். சேசிஸ் நம்பர் வழக்கமாக 17 இலக்கம். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இன்னொரு 300 கிலோமீட்டர் அலைச்சல்.

வீடு திரும்பும் முதல் பயணம்தான் புது வண்டிக்கு மிகப் பெரிய சோதனை. ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டாதீர்கள், ஆக்சிலரேட்டரை முழுக்கத் திருகாதீர்கள், டாப் கியரில் இன்ஜின் திணறவும் விடாதீர்கள். வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுங்கள், நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். புது டயர் முதல் 100 கிலோமீட்டருக்காவது வழுக்கும். வளைவில் நிதானம் வேண்டும்.

பழைய வண்டியைப் படம் பார்த்து வாங்குவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, வேண்டாம். நேரில் போகிறீர்கள் என்றால், நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். போனதும் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். அது சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் கிளம்பாத வண்டியாக இருக்கக்கூடும். ஆறும்வரை காத்திருந்து நீங்களே கிளப்புங்கள். நீலப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள்.

கடைசியாக, ஷோரூமிலிருந்து வெறுங்கையோடு திரும்புவதும் தவறுதான். கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், ஸ்பார்க் பிளக், ஹெட்லைட் பல்பு, ஃபியூஸ், டியூப் உள்ள டயர் என்றால் ஒரு டியூப். இவற்றை அன்றே வாங்கிவிடுங்கள். கிளட்ச் கேபிளைப் பையில் வைக்க வேண்டியதில்லை. புதுக் கேபிளின் இரண்டு முனைகளிலும் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் சுற்றி, ஓடுகிற கேபிளோடு சேர்த்து அதே வழியில் விட்டு டேப் போட்டுக் கட்டிவிடுங்கள், ஹேண்டில் திரும்பும்போது இழுபடாத அளவுக்கு. நடுவழியில் பழையது அறுந்தால், டேங்கைக் கழற்ற வேண்டாம். இரண்டு முனைகளை மாட்டி, லீவரில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்படி இறுக்கினால் வண்டி கிளம்பிவிடும்.